சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் தன் மாமியாரை நியூயார்க்கில் உள்ள கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்ப டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறார். அவர் கேட்டது இது: "திங்கட்கிழமை நள்ளிரவு 12.10-க்குப் புறப்பாடு, அதே திங்கட்கிழமை காலை 6.50-க்கு வருகை என்று இருக்கிறது. பயண நேரம் 18 மணி 40 நிமிடம் என்றும் போட்டிருக்கிறது. இணையத்தில் தேடினால் தூரம் 15,349 கி.மீ. என்று வருகிறது. ஆனால் ஜனவரியில் என் கணவர் போனபோது, சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் 16,600-க்கு மேல் காட்டியதாம். அவ்வளவு சுற்றியும் முக்கால் மணி முன்னாலேயே போய் இறங்கிவிட்டார். இதில் எது சரி? அத்தையை ஒரே மூச்சில் அனுப்பலாமா, நடுவில் எங்காவது இறக்கி அனுப்பலாமா?"

எல்லாமே சரிதான். நான் பல வருஷம் டிஸ்பாட்ச் வேலையில் இருந்தவன். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எண்ணெய் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டு விமானியிடம் கொடுக்கிற வேலை. அந்தப் பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன்: தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். ஒன்றை வைத்து இன்னொன்றைப் பிடிக்கப் போனால்தான் குழப்பம்.

முதலில் தூரம். சாங்கி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.36 டிகிரியில் இருக்கிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வடக்கே 40.64 டிகிரியில். இனி தீர்க்கரேகையைப் பாருங்கள்: சிங்கப்பூர் கிழக்கே 104, நியூயார்க் மேற்கே 73.8. கூட்டினால் 177.8. அதாவது, உலக உருண்டையைக் கையில் எடுத்து சிங்கப்பூரை உங்கள் பக்கம் வைத்தால், நியூயார்க் கிட்டத்தட்ட நேர் பின்பக்கம் இருக்கும். அப்படி இருக்கும் இரண்டு ஊர்களுக்குக் குறுக்கு வழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. தலைக்கு மேலே, வட துருவம் வழியாகத்தான்.

இது தெரிந்துவிட்டால் தூரத்தை நீங்களே ஒரு துண்டுச் சீட்டில் போட்டுவிடலாம். 1.36-ஐயும் 40.64-ஐயும் கூட்டினால் 42. துருவம் வழியாக ஒரு பக்கத்து நிலநடுக்கோட்டிலிருந்து மறுபக்கத்து நிலநடுக்கோடு வரை 180 டிகிரி. அதில் 42 போனால் 138. கடல் மைல் என்ற அளவே அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 60 என்று வருகிற மாதிரி வகுத்ததுதான். 138-ஐ 60-ஆல் பெருக்கினால் 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆக 15,334 கி.மீ. இணையம் சொன்ன 15,349-க்கும் இதற்கும் பதினைந்து கி.மீ.தான் வித்தியாசம். பூமி சரியான உருண்டை இல்லை, துருவத்தில் கொஞ்சம் தட்டை. என் கணக்கு அதைப் பார்க்காமல் போட்டது. எல்லா ஜோடி ஊர்களுக்கும் இப்படிச் சுலபமாக வராது. இந்த இரண்டு ஊரும் எதிரெதிராக அமைந்திருப்பது நமக்கு வசதி.

உலக உருண்டை வீட்டில் இருந்தால் ஒரு நூலை எடுத்து சிங்கப்பூரில் ஒரு முனையை அழுத்தி, நியூயார்க்கில் மறுமுனையை இறுக்கிப் பிடியுங்கள். நூல் தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேரே வடக்கே ஏறும். துருவத்துக்கு 300 கி.மீ.க்குள் வந்து, அந்தப் பக்கம் கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் வழியாக இறங்கி நியூயார்க்கில் முடியும். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. அதில் சிங்கப்பூர் வலது கோடியில், நியூயார்க் இடது பக்கம். பார்க்கிறவர்கள் எல்லோரும் நடுவில் ஒரு கோடு இழுத்து, "இந்தியா, அரபு நாடு, ஐரோப்பா தாண்டிப் போகும்போல" என்றுதான் நினைப்பார்கள்.

சரி, அவ்வளவு நேரான வழி இருக்கும்போது உங்கள் கணவரின் விமானம் ஏன் 1,200 கி.மீ.க்கு மேல் சுற்றிப் போனது? அங்கேதான் காற்று வருகிறது.

பத்து, பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். ஆறு மாதிரிதான்: வளைந்து வளைந்து போகும், இடம் மாறும், சில இடத்தில் ஒடுங்கி வேகம் எடுக்கும். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். இதை முதலில் அளந்து எழுதியவரும் ஒரு ஜப்பானியர்தான், ஓயிஷி வசாபுரோ என்ற வானிலை ஆய்வாளர். 1920-களில் தாதெனோ என்ற இடத்தில் பலூன் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று நினைத்து, அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழியில் எழுதி வெளியிட்டார். அந்த மொழி எத்தனை பேருக்குத் தெரியும்? வெளியில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1944 கடைசியில் ஜப்பான் மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு குறி தவறித் தவித்தன. எங்கள் வேலையில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

இனி கணக்கைப் பாருங்கள். இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350 காற்றுக்குள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகும். துருவம் வழியாக 15,400 கி.மீ.; காற்று சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை என்று வையுங்கள். 17 மணி நேரமும் ஏறக்குறைய ஏழு நிமிடமும். பசிபிக் வழியாக 16,600 கி.மீ.; ஆனால் வழி நெடுகச் சராசரியாக மணிக்கு 100 கி.மீ. பின்காற்று தள்ளுகிறது. தரையைப் பொறுத்த வேகம் 1,000. பதினாறரை மணிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 1,200 கி.மீ. அதிகம் பறந்து அரை மணி மிச்சம்! மிச்சமாவது நேரம் மட்டுமில்லை. விமானத்துக்கு எண்ணெய் செலவாவது காற்றுக்குள் பறக்கும் நேரத்துக்குத்தான். தரையில் எத்தனை கிலோமீட்டர் கடந்தோம் என்பது இஞ்சினுக்குத் தெரியாது.

இந்தியாவிலிருந்தே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் முன்பு அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள். தூரம் ஏறத்தாழ 15,300 ஆகிவிட்டது. நேரமோ பதினாலரை மணிக்கு வந்துவிட்டது, பழைய வழியைவிட இரண்டு மணி போலக் குறைவு. முன்பு முகத்தில் அடித்த காற்று இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது.

துருவப் பாதையில் வேறு தொல்லைகளும் உண்டு. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வானம் பல நாட்டு விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. அப்புறம், எண்ணெய் உறைகிற பிரச்சினை. சிங்கப்பூரில் நிரப்புவது ஜெட் ஏ-1, மைனஸ் 47 டிகிரி வரை தாங்கும். அமெரிக்காவில் பொதுவாக நிரப்புகிற ஜெட் ஏ மைனஸ் 40-லேயே உறையத் தொடங்கிவிடும். அதனால் நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது துருவத்துக் குளிர்க் காற்றுக்குள் மணிக்கணக்கில் இருக்க வேண்டுமென்றால் அதையும் ஒரு கண் பார்த்துத்தான் பாதை போடுவார்கள்.

திரும்புகிற வழிதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. பசிபிக் வழியே திரும்பினால் அதே காற்று எதிரே நிற்கும். ஆகவே சில நாட்களில் நியூயார்க்கில் ஏறிய விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பாவைத் தாண்டி, ஆசியாவுக்குக் குறுக்கே வந்து சிங்கப்பூரில் இறங்கும். போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. அப்படி அமைந்துவிட்டால், மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததாக நினைக்கிற உங்கள் அத்தை உண்மையில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருப்பார். வேறு நாளில் காற்று வேறு மாதிரி இருந்தால் வடக்கே ஏறியும் வரும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அன்றைய பாதை முடிவாகும்.

டிக்கெட்டில் இருக்கும் 18 மணி 40 நிமிடம் பறக்கிற நேரம் இல்லை. பயணிகள் ஏறுகிற வாசலிலிருந்து (கேட்) விமானம் நகர்ந்த நொடியிலிருந்து அந்த ஊர் வாசலில் நிற்கிற நொடி வரைக்குமான நேரம். சாங்கியில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, கென்னடியில் இறங்க வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு வாசல் காலியாகும்வரை நிற்பது எல்லாம் அதில் அடக்கம். காற்று தினமும் ஒரே மாதிரி அடிக்காது என்பதால், நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டித்தான் போடும். உங்கள் கணவர் போனது ஜனவரி, ஜெட் ஸ்ட்ரீம் முழு வேகத்தில் இருக்கும் மாதம். முக்கால் மணி முன்னால் போனதில் ஆச்சரியம் இல்லை. இணையத்தில் தூரம் காட்டும் தளங்கள் போடுகிற நேரத்தை நம்பவே வேண்டாம். தூரத்தை ஏதோ ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துவிடுகிறார்கள். காற்றைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

இனி அந்த 12.10, 6.50 விஷயம். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிடச் சரியாக 12 மணி பின்னால் இருக்கிறது. காலை ஆறேமுக்கால் மணி ஆகிவிட்டது என்று சிங்கப்பூர்க் கடிகாரம் காட்டும்போது அங்கே முந்தின நாள் மாலை ஆறேமுக்கால். முட்கள் ஒரே இடத்தில். 12.10-உடன் 18 மணி 40 நிமிடம் கூட்டினால் சிங்கப்பூரில் மாலை 6.50, அங்கே காலை 6.50. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு, மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை, வித்தியாசம் 13 மணி. அப்போது இதே விமானம் 5.50-க்கு இறங்கும்.

ஆனால் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தால் பார்க்கப் போவது இதைவிட வேடிக்கை. பசிபிக் வழியாகப் போகிறது என்று வையுங்கள். ஏறி நான்கைந்து மணி நேரத்தில், ஜப்பானை நெருங்கும்போது, திங்கட்கிழமை விடியும். சூரியனை நோக்கியே ஓடுவதால் பகல் வேகமாகக் கரையும். நடுப் பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டும்போது திங்கட்கிழமை சட்டென்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அலாஸ்கா, கனடா பக்கம் நெருங்கும்போது இருட்டும். எட்டு மணி நேரத்தில் ஒரு பகல் முடிந்தது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மாலையில். பிறகு கனடாவுக்கு மேல் ஒரு ராத்திரி. நியூயார்க்கில் இறங்கும்போது மறுபடியும் திங்கட்கிழமை விடியும். அதனால் தூங்கச் சொல்வதானால் அந்தக் கடைசி ராத்திரியில் தூங்கச் சொல்லுங்கள். அதுதான் அங்கே மகன் வீட்டில் எல்லோரும் தூங்குகிற ராத்திரி.

ஒரே மூச்சிலா, இறங்கிப் போவதா என்பதற்கு வருவோம். நேர் விமானம் என்பது இந்தத் தடத்தில் சாதாரணமாகக் கிடைத்துவிடவில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் நெவார்க்குக்கு நான்கு இஞ்சின் ஏ340-500 விமானத்தில் தொடங்கியது. எண்ணெய்ச் செலவு தாங்கவில்லை. 2008-ல் வெறும் 100 பிஸினஸ் சீட்டாக மாற்றிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்தியே விட்டார்கள். இரண்டு இஞ்சின் ஏ350-900-ன் நெடுந்தூர வகை வந்த பிறகு 2018 அக்டோபரில் திரும்ப ஆரம்பித்தது. கென்னடிக்கு 2020 நவம்பரிலிருந்து. இந்த வகையின் டாங்கி 1,65,000 லிட்டர் கொள்ளும், சாதாரண ஏ350-900-ஐவிட 24,000 லிட்டர் கூடுதல். முழுக்க நிரப்பினால் எண்ணெய் மட்டும் 130 டன். விமானம் மேலே எழும்பும்போது இருக்கலாம் என்று அனுமதித்திருக்கும் மொத்த எடையே 280 டன்தான். ஏறக்குறைய பாதி! இதில் கொடுமை என்னவென்றால், கடைசி மணி நேரத்துக்கான எண்ணெயைச் சுமந்து போகவே முதல் பதினேழு மணி நேரமும் எண்ணெய் எரிய வேண்டும். அதனால்தான் இதே நிறுவனத்தின் மற்ற நெடுந்தூர ஏ350-ல் 253 சீட் இருக்க, இதில் 161தான்: 67 பிஸினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. விலை ஏன் அப்படி இருக்கிறது என்று இனி கேட்க மாட்டீர்கள்.

இறங்கிப் போனால் தூரம் பெரிதாக ஏறிவிடாது. டோக்கியோ வழியாக 5,350, அப்புறம் 10,830. கூட்டினால் 16,200 கி.மீ.க்குப் பக்கம். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக 10,300-உம் 6,200-உம், 16,500 வாக்கில். உங்கள் கணவர் எங்குமே இறங்காமல் பறந்த தூரமும் ஏறக்குறைய இதுதான். ஏறுவது நேரத்தில்: இடையில் காத்திருப்பதைச் சேர்த்தால் ஒரு முழு நாளுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் நடுவில் எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தனியாகப் போகிற வயதானவருக்கு நேர் விமானம்தான். பெரியவர்கள் பயப்படுவது பறப்பதற்கு இல்லை. தெரியாத ஊரில் பை சோதனை, வாசல் மாற்றம், அறிவிப்பு புரியாமல் நிற்பது, இதற்குத்தான். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். நடக்க முடிகிறவராக இருந்தாலும் கேளுங்கள், குடிநுழைவு வரிசையில் அது பெரிய உதவி. நடைபாதை ஓரச் சீட் வாங்குங்கள். ஜன்னல் விடியல் எல்லாம் எனக்கும் உங்களுக்கும்தான் வேடிக்கை, அவருக்குக் கழிப்பறை முக்கியம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரமாவது எழுந்து நடக்க வேண்டும். காலில் ரத்தம் உறைந்த சரித்திரமோ சமீபத்தில் அறுவை சிகிச்சையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பதினெட்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். அந்த மாதிரி ஆளுக்கு நான் சொன்னது மாறும், இறங்கிப் போவதே மேல்.

மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகச் சர்க்கரை மாத்திரை, இன்சுலின். தினம் ஒன்று என்கிற மாத்திரையை நாளைப் பார்த்துப் போடச் சொல்லாதீர்கள், 24 மணி இடைவெளியைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் இரவு ஒன்பதுக்குப் போட்டால், கோடையில் நியூயார்க்கில் அது காலை ஒன்பது மாத்திரை ஆகிவிடும். போகும்போது இது சிக்கல் இல்லை. திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். திங்கட்கிழமை இரவு பத்தரைக்கு நியூயார்க்கில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது புதன்கிழமை விடியற்காலை. நடுவில் ஒரு வேளை மாத்திரை வானத்தில்தான் போட்டாக வேண்டும். அதனால் டப்பாவைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள், எப்போது போட வேண்டும் என்று சிங்கப்பூர் மணியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.

என் சித்தி ஒரு தடவை இப்படி வந்து இறங்கினார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று எழுத்துப் போட்ட ஏழு அறை மாத்திரை டப்பா கைப்பையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் திங்கள் அறை காலி, செவ்வாய் அறையில் மாத்திரை அப்படியே இருக்கிறது. ஏன் சித்தி போடவில்லை என்று கேட்டேன். "செவ்வாய்க்கிழமை எங்கேடா வந்தது, போடுறதுக்கு?" என்றார்.